அடித்துணிக்குள் ஒரு கத்தி

"பையைக் கொட்டு."

"கொட்டிட்டேனே கேட் அக்கா. கண்ணு தெரியலையா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. பையைத் தலைகீழாத் தூக்கிக் காட்டு."

தினமும் காலையில் நடப்பதுதான். மற்ற பள்ளிகள் கைகழுவிவிட்ட பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. வாசல் மேஜையில் அவரவர் பையை அவரவரே கொட்டிக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். யாரும் கைவிட்டுத் துழாவ மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த முதல் மரியாதை அது.

அன்று அந்த வாயாடிப் பெண்ணின் பையில் அடித்துணி கிழிந்திருந்தது. கிழிசலில் ஏதோ ஒன்றின் நுனி மின்னியது.

கேட்டில் நிற்கும் காவல்கார அக்கா முதல்முறையாகக் கையை உள்ளே விட்டாள்.

காய் நறுக்கும் கத்தி ஒன்று. கத்தரிக்கோல் ஒன்று. தூக்க மாத்திரை அட்டை இரண்டு.

"டேய், குளவி கத்தியோட வந்திருக்குடா!" வரிசை கலைந்து பின்வாங்கியது.

அவளுக்குப் பதினைந்து வயது. குளவி என்ற பட்டம் அவள் நாக்கு சம்பாதித்தது. அடிதடி செய்ததற்காக மூன்று பள்ளிகளிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். இது நான்காவது. இங்கே எதற்கும் மன்னிப்பு உண்டு, ஆயுதத்துக்கு மட்டும் கிடையாது. அன்றைக்கே வெளியே.

தலைமை ஆசிரியையை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இருவரையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"யாருக்காகக் கொண்டு வந்தே?"

அவள் கிழிந்த பையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் உன் முடியைப் பிடிச்சு இழுத்தாளே, அவளுக்கா?"

"அவளுக்கு எதுக்குக் கத்தி? என் நகமே போதும்."

காவல்கார அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியக்கா பார்த்த பார்வையில் அதை விழுங்கினாள்.

"அப்போ உனக்கா? கையைக் காட்டு."

அவள் சட்டைக் கைகளைத் தோள்வரை மடித்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு கீறல் இல்லை.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"ரெண்டு மாசமா."

"அடிப்பாவி! ரெண்டு மாசமா என் கண்ணு முன்னாடியேவா?" காவல்கார அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னு சொல்லும்மா. ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் உன் பக்கம் நிக்கிறேன்." பெரியக்காவின் குரல் இறங்கி வந்தது. "இங்கேருந்தும் போயிட்டா, உன்னைச் சேர்த்துக்க வேற இடம் கிடையாது. தெரியுமா?"

"தெரியும்."

பெரியக்கா அவள் அம்மாவுக்குப் போன் செய்தார்.

அரை மணி நேரத்தில் அம்மா வந்தாள். மடிப்புக் கலையாத உடை, படியச் சீவிய தலை, அதிராத குரல். இவ்வளவு சாதுவுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று காவல்கார அக்கா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் கத்திதான் மேடம். பகல்ல தேடினா இருக்காது. சாயங்காலம் பார்த்தா அது இடத்துல இருக்கும். எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"மாத்திரை?"

"என்னோடது. இவங்க அப்பா போனதுக்கு அப்புறம் தூக்கம் வராம கிடந்தேன். டாக்டர் குடுத்தார்." மகள் பக்கம் திரும்பினாள். "நான் உனக்கு என்னம்மா குறை வெச்சேன்? ஏன் இப்படிப் பண்றே?"

பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா அவளைப் பள்ளியிலிருந்து விலக்கும் கடிதத்தை எழுதத் தொடங்கினார். பேனா இரண்டு முறை நின்றது. உள்ளே இருக்கிற மற்ற முப்பது பிள்ளைகளை நினைத்துக்கொண்டு எழுதி முடித்தார். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

மேஜைமேல் இருந்தவற்றைப் பெரியக்கா செய்தித்தாளில் சுற்றினார்.

"வீட்டுல இதையெல்லாம் பூட்டி வைங்கம்மா. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

பொட்டலத்தை நீட்டினார். அம்மாவின் கை அவசரமாக முன்னால் வந்தது.

அதுவரை அசையாமல் நின்ற பெண் பாய்ந்து பெரியக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை அனுப்பிடுங்க பெரியக்கா, பரவாயில்ல. அதை மட்டும் எங்கம்மா கையில குடுத்துடாதீங்க. நான் ஸ்கூலுக்கு வந்துட்டா, அவங்க வீட்டுல தனியா இருப்பாங்கன்னுதான் எடுத்துட்டு வந்தேன்."