மொத்தமா, மாசாமாசமா

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து வருகின்றன. நெஞ்சுவலியோடு திருப்பாலைக்குடியிலிருந்து வந்த மீனவருக்கு இப்போதுதான் மூச்சு சீராகியிருக்கிறது. அவர் மனைவி கால்மாட்டில் நின்று பாதத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் பூமயில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வராந்தாவுக்கு வந்து, பெஞ்சில் காத்திருக்கும் கணவர் பால்சாமியின் பக்கத்தில் உட்காருகிறார். பூமயிலுக்கு அடுத்த மாதம் பணி ஓய்வு. பென்ஷனில் ஒரு பங்கை இப்போதே மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் முழுசாக வாங்குவதா என்று இன்றைக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். மொத்தமாகத்தான் என்று பூமயில் ஒரு வாரமாகப் பிடிவாதம். "மாசாமாசம் வாங்க ஆளு இருக்கணும்ல?" காலையில் பல் விளக்கியவர் மதியம் இல்லாமல் போவதைத் தினம் பார்க்கிறவர், வேறென்ன சொல்வார்?

"சரி, நீ சொன்னபடி மொத்தமாவே எழுதிரவா?" தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே பால்சாமி கேட்கிறார். பூமயிலின் மூன்று விரல்கள் பழக்கதோஷத்தில் கணவரின் இடது மணிக்கட்டில் போய் அமர்கின்றன. கண் சுவர்க் கடிகாரத்தில். பால்சாமிக்கு இது புதிதில்லை. அந்தக் கையை அசைக்காமல் வலது கையால் சோற்றைப் பிசைகிறார். உள்ளே மீனவர் ஏதோ முனக, அவர் மனைவி சிரிப்பது கேட்கிறது. நாடி பார்த்து முடித்து வெகுநேரமாகியும் விரல்கள் அங்கேயே இருக்கின்றன.

"மாசாமாசமே வாங்கிக்கிருவோம்ங்க."