பம்பர் மாறினால்

"இது மூணாவது ஜெனரேஷன்," என்றார் அழகேசன்.

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் அன்பரசியின் கோப்பிக்கடையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கைப்பேசியில் ஓடிய காட்சியில் ஒரு வெள்ளை மைவி காரின் பின்புறம் தெரிந்தது. வெயில் பட்டு நம்பர் வெறும் வெளிச்சமாகிவிட்டிருந்தது. ஆனால் நெட்டுக்குத்தாக நிற்கும் பின்விளக்கு நன்றாகவே தெரிந்தது. அது பழைய மைவி, முதல் ஜெனரேஷன் என்று கோப்பி ஆற்றும் அன்பரசிக்குக்கூடத் தெரியும்.

அழகேசனுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடையில் கூடும் கார்ப் பைத்தியங்களுக்கு அவர்தான் நீதிபதி. விளக்கைப் பார்த்தே மாடலையும் வருஷத்தையும் சொல்வார். இதுவரை தப்பியதில்லை.

கைப்பேசி நடராஜாவுடையது. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒருநாள் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் சர்க்கரை இறங்கி, மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். யாரோ ஒருவர் அவரைத் தூக்கிக் காரில் போட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கம் வரவில்லை என்று, சாலையோர டயர் கடைக் கேமராவில் பதிவான காட்சியை நடராஜா வாங்கி வந்திருந்தார். அதை அன்பரசியிடம்தான் கொடுத்தார். அழகேசனிடம் நீட்டியது அன்பரசி.

அழகேசனும் நடராஜாவும் பேசி ஆறு வருஷமாகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் அழகேசன் 2008இல் வந்த மைவி ஒன்றைப் பழையதாக வாங்கினார். முதல் ஜெனரேஷன் என்று பெருமையாகச் சொன்னார். நடராஜா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் கம்பெனி பம்பரையும் விளக்கையும் மாற்றிவிட்டதால் இது இரண்டாவது என்றார். பம்பர் மாறினால் ஜெனரேஷன் மாறாது, பாடி மொத்தமும் மாற வேண்டும் என்றார் அழகேசன். பேச்சு காரை விட்டு இறங்கி, தோட்டப் பள்ளியில் யார் யாரைப் பார்த்து எழுதினான் என்பதுவரை போனது. கடைசியில் நடராஜா எழுந்து, கடையே கேட்கும்படி சொன்னார்:

"இனிமே உன் காருல பொணமாக்கூட ஏற மாட்டேன்டா."

அன்றிலிருந்து ஆளுக்கொரு மூலை. ஒரே கடை, ஒரே கோப்பி, பேச்சு மட்டும் இல்லை.

இப்போது கூட்டத்தில் இளையவனான சசிகுமாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கண்ணாடிய மாத்துங்க லா அண்ணே. உங்க பவர் ஒரு ஜெனரேஷன் பின்னால இருக்கு. தெனம் ஓட்டுற மாடலே தெரியலையா?"

தன் கைப்பேசியில் மூன்று ஜெனரேஷன் படங்களையும் எடுத்து வரிசையாகக் காட்டினான். அழகேசன் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மூணாவதுதான். புது மைவி வச்சிருக்கவங்களத் தேடச் சொல்லு," என்றார்.

அன்பரசிக்குக் கோபம் வந்துவிட்டது. "பகை இருக்கலாம்ணே. அதுக்காக ஒரு மனுஷன் நன்றி சொல்லத் தேடுறதக் கெடுக்கலாமா?"

மற்றவர்களும் அதையே நினைத்தார்கள். இவ்வளவு சின்னப் புத்தியா என்று ஒருவர் முணுமுணுத்தது அழகேசன் காதிலும் விழுந்திருக்கும். அவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடராஜா கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓடவிட்டார். பிறகு அழகேசனைப் பார்த்தார்.

"அழகேசன் சொன்னா சரிதான். மூணாவதுதான்," என்றவர், எல்லாரும் பார்த்திருக்க அந்தக் காட்சியை அழித்துவிட்டார்.

நடராஜா இன்னொருவர் சொன்னதைச் சரி என்று சொல்லி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை.

அதோடு நிற்கவில்லை. தன் கோப்பியை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்கு நடந்து போய், அழகேசனுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார். "பம்பர் மாறினா அது ரெண்டாவதுதான்."

அழகேசன் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மாறாது," என்றார்.

பகல் சாப்பாட்டு நேரம்வரை இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பிறகு அழகேசனும் எழுந்து தன் காருக்குப் போனார்.

கோப்பையை எடுக்க வந்த அன்பரசியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அது பழைய மைவின்னு உங்களுக்கே தெரியும். ஏண்ணே அழிச்சீங்க? உங்களக் காப்பாத்துன ஆளு யாருன்னு தெரிய வேணாமா?"

நடராஜா வெளியே பார்த்தார். அழகேசனின் கார் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மயக்கத்துல ஒரு கொரல் கேட்டுச்சும்மா. கனவோன்னு நெனச்சிருந்தேன். அவன் அந்த வெளக்கப் பாத்துத் தப்பா சொன்னான் பாரு, அப்பவே தெரிஞ்சிருச்சு. நான் வாய்க்கொழுப்புல சொன்ன வார்த்தைய எனக்காக அவன் காப்பாத்திக் குடுக்குறான்."

"என்ன கொரலு அண்ணே?"

"கார ஓட்டிக்கிட்டே ஒருத்தன் அழுவுறான்மா. 'பம்பர் மாறினா ஜெனரேஷன் மாறாதுடா. எங்க, மாறும்னு சொல்லு. கண்ணத் தொறந்து ஒரு தடவ சொல்லுடா நடராஜா.'"