இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

"நல்லாப் பழகின சத்தம் எதையாவது போட்டுப் பாருங்க சார், அப்பதான் வித்தியாசம் தெரியும்" என்கிறார் ஹெட்போனும் ஸ்பீக்கரும் விற்கும் கடைக்காரர். நான் கொண்டுவந்திருப்பது இறந்துபோன என் மனைவி கைபேசியில் அனுப்பிய குரல்பதிவு. முதலில் ஹெட்போன். "சாவியை எடுத்தீங்களா இல்லையா? எத்தனை தடவைதான் கத்துறது!" மூச்சு, உதடு பிரியும் ஓசை, பின்னால் ஓடும் மிக்ஸி, எல்லாம் துல்லியம். ஆனால் அவள் என் மண்டைக்குள் பேசுகிறாள். அங்கே எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். கழற்றுகிறேன், மறுபடி மாட்டுகிறேன். "மாமா, காதைப் பிச்சு எடுத்துடாதீங்க" என்கிறான் உடன் வந்திருக்கும் அவள் தம்பி. அடுத்து ஸ்பீக்கர். மிக்ஸி மங்குகிறது, மூச்சு தொலைந்துபோகிறது. ஆனால் குரல் எதிரே, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, விளக்கொளி விழும் வெறும் கம்பளத்தின் மேல், சரியாக அவள் உயரத்தில் நிற்கிறது. "வீட்டம்மாவா சார்? எல்லா வீட்லயும் இதே பாட்டுதான்" என்று கடைக்காரர் சிரிக்கிறார். அவள் தம்பி சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரோரத் திரைச்சீலையைப் பார்க்கிறான். "இன்னொரு தடவை போடுங்க" என்கிறேன். அவள் திட்டத் தொடங்குகிறாள். கடைக்காரர் ஒயரைச் சரிசெய்யக் கம்பளத்தின் நடுவில் வந்து நிற்கிறார். "அங்க நிக்காதீங்க!" நான் போட்ட கூச்சலில் அவள் பேசியது கேட்காமல் போகிறது.