பன்னிரண்டு மீட்டர்

இலஞ்சியில் அலிமாவின் வீட்டு இணையம் இரண்டு நாளாக விட்டுவிட்டு வந்தது. மூன்று மணிக்கு அவளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். வீடு இருக்கும் தோப்பில் செல்போனில் பேசலாம், வீடியோ ஓடாது.

"சரி பண்ணாம போவ மாட்டேன்க்கா," என்றாள் டெலிபோன் லைன் பார்க்க வந்த ஜெனி.

பேச்சும் இணையமும் ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில்தான் வருகின்றன. பேச்சு தாழ்ந்த அதிர்வெண்ணில், இணையம் உயர்ந்த அதிர்வெண்ணில். கம்பி நீண்டால் இணையம் தளரும். ஜெனி எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து நீளம் கேட்டாள். அங்கே வேலையிலிருந்த சுடலைமுத்து அளந்து சொன்னார்: "ரெண்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு மீட்டர்."

பதிவேட்டில் இரண்டாயிரத்து நூறுதான். கம்பி வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பன்னிரண்டு மீட்டரில் மூடி போட்ட பாழுங்கிணறு இருக்கிறது.

ஜெனி சுவர்ப் பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றி, இரு முனைகளையும் ஒட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

"இப்பம் பாருங்க அண்ணாச்சி."

"கனெக்‌ஷன் அப்படியே இருக்கு. நீளம் இப்பம் ரெண்டாயிரத்து நூத்திப் பத்து."

"கழட்டிட்டேனே!"

"நூத்தி ஏழு. குறையுது பிள்ளே."

ஜெனி கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். இடையில் வெறும் ஈர மண்.

"சொல்லிக்கிட்டே இருங்க."

"நூத்தி நாலு. நூத்தி ஒண்ணு. நூறு. நின்னுட்டு."

"ஏட்டி ஜெனி, வெளக்கு எரியுது! நெட் வந்துட்டு!" என்று அலிமா உள்ளேயிருந்து கத்தினாள்.

ஜெனியின் விரல்களில் இரு முனைகளும் வெறுமையாகவே இருந்தன. மணி இரண்டு ஐம்பத்தைந்து.

நேர்காணல் முடியும்வரை ஜெனி அங்கிருந்து நகரவில்லை. பக்கத்தில் வந்து நின்ற அதுவும் நகரவில்லை.