விலாச மாற்றம்

செபாஸ்டியன் இறந்து ஒரு வருடமாகியும், ஈப்போ பக்கம் லகாட்டில் உள்ள வீட்டுக்கு அவர் பெயரில் விளம்பரத் தபால்கள் வந்துகொண்டிருந்தன. அவருடைய மனைவி பெர்னடெட், கேட்டில் இருந்த தபால் பெட்டியில் ‘விளம்பரம் போடாதீர்கள்’ என்று மலாய் மொழியில் எழுதி ஒட்டினாள். பெயரில்லாத தாள்கள் நின்றன. பெயர் அச்சிட்டவை நிற்கவில்லை. கணவர் பெயர் இருந்ததால் குப்பையில் போடவும் மனம் வரவில்லை.

ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டுப் பெயரை எடுக்கச் சொன்னாள். கடைசியாக ஒரு மெத்தைக் கம்பெனி. ஈப்போவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் பேசினாள்.

“இனிமே உங்க வீட்டுக்கு வராதுக்கா. காலையிலதான் அவரே கூப்பிட்டு விலாசத்த மாத்துனாரு.”

“அவரு செத்துப் போயிட்டாரும்மா. யாரோ விளையாடிருக்காங்க.”

“அடையாளக் கார்டு ஐசி நம்பர்லாம் சரியா சொன்னாரேக்கா. பேச்சுக்குப் பேச்சு தொண்டையச் செருமுனாரு.”

அது செபாஸ்டியனின் பழக்கம். பெர்னடெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். “எந்த விலாசம்?”

அந்தப் பெண் வாசித்தாள். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம், தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு. பெர்னடெட் கல்யாணமாகி முதலில் குடிபோன வீடு அது. லயத்தை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா? உங்க பேரையும் அங்கயே மாத்தச் சொன்னாரு. நீங்க சரின்னு சொல்லணும்லா. மாத்திரவா?”

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பெர்னடெட் எழுந்து போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தாள்.

“இப்ப வேணாம்லா,” என்றாள். “கொஞ்ச நாள் போகட்டும்னு அவர்கிட்ட சொல்லிருங்க.”