வெண்கலக் குதிரையின் கால்

சண்டை ஓய்ந்ததும் பக்கத்து நாட்டார் நட்புக்கு அடையாளமாக ஒரு வெண்கலக் குதிரைச் சிலையை அனுப்பிவைத்தார்கள், கண்ணுகளா. சண்டையில் பிடித்துக்கொண்டுபோன நம் பிள்ளைகளைத்தான் திருப்பி அனுப்பவில்லை. நாற்சந்தியில் நின்ற அந்தக் குதிரையின் காலில் சொர்ணத்தாய் தன் மகன் திரும்பி வர வேண்டி மஞ்சள் துணி முடிந்தாள்.

"இது நம்ம ஐயனார் குதிரை இல்ல தாயி," என்றார் காவலுக்கு நின்ற போலீஸ்காரர். "மேல உக்காந்திருக்கிறவன் அவங்க தளபதி. உன் மகனைப் பிடிச்சுட்டுப் போனவன்."

"தெரியும்யா. கொண்டுபோனவன்கிட்டதானே கேக்கணும்?"

சிலையில் எதுவும் தொங்கக் கூடாதென்று அவருக்கு உத்தரவு. கத்தியால் முடிச்சை அறுத்து, துணியை மடித்து அவள் கையிலேயே வைத்தார். அறுபட்டதில் அது குட்டையாகிப் போயிருந்தது. இனிச் சுற்ற எட்டுமா என்று இழுத்துப் பார்த்தபடி அவள் அடுத்த காலுக்கு நகர்ந்தாள்.