வாசம்

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததுமே ரெக்சலினுக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணப் பரிசாக வந்து பரணிலேயே கிடந்த சமையல் புத்தகங்களை அடுப்படி முழுக்க விரித்துப்போட்டு, மதினி விண்ணரசி பனீரில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக்கூடவா இந்தக் கூத்து மதினி? அண்ணனுக்குச் சுறாப்புட்டுன்னா உசுருல்லா!"

"இந்த வீட்டுல சுறா வேண்டாம்."

"ஏன், ஒங்களுக்கு நாத்தமடிக்கோ?"

மதினி அடுப்பை அணைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

ரெக்சலின் சும்மா இருப்பாளா? வேம்பாரிலிருந்து கொண்டுவந்த பால்சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் கிளறினாள். ருசி பார்த்தாள். உப்பு, உறைப்பு எல்லாம் கச்சிதம். வாசம் தெருமுனை வரைக்கும் போனது.

திரும்பி வந்த மதினி வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளிறிவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்ட ஏளா!"

"கல்லறைத் திருநாளும் அதுவுமா, அண்ணன் படத்துக்கு முன்னால அதுக்குப் பிடிச்சத வைக்கப்பிடாதா? கடல்ல போனவனுக்குக் கல்லறைகூட இல்லையே மதினி!"

"போன வருசம் நானும் இப்படி நெனச்சுத்தான் வச்சேன். வாசம் பிடிச்சு ஒங்கண்ணன் வீட்டுக்கு வந்துட்டாவ. அதுக்குப் பொறவுதான், அவுகளுக்குத் தெரியாத சாப்பாடாத் தேடித் தேடி ஆக்குதேன்."

ரெக்சலின் சிரிக்க வாயெடுத்தாள்.

அடுப்படிக்குள் யாரோ சட்டியை வழிக்கும் சத்தம் கேட்டது. கூடவே அண்ணனின் குரல்:

"உப்பு பத்தலையே ஏளா!"